கடலுக்காக எடுத்த மீசை

மீசையை எடுத்தவன் நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை. கடலில் இறங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. உப்புத் தண்ணீர் என்பது தொண்டை கட்டினால் கொப்பளிப்பதற்கு மட்டுமே என்றிருக்கும் ஒரு கண்டி வீட்டில், ஹந்தானை மலையின் அடியில், முழுப் புத்தியோடு கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன்.

காரணம் விஞ்ஞானபூர்வமானது. கடலுக்கடியில் முக்குளிப்பது பற்றி அந்த நாட்களில் நான் வாசித்தது கொஞ்சநஞ்சமல்ல. கண்ணையும் மூக்கையும் மூடுகிற முகமூடியின் விளிம்பு தோலோடு ஒட்டி இருக்க வேண்டுமாம். மீசை இருந்தால் அந்த இடைவெளியால் தண்ணீர் புகுந்துவிடுமாம். வாசித்ததோடு நான் விடவில்லை. டவுனில் ஒரு முகமூடி வாங்கி வந்து, குளியலறை வாளிக்குள் தலையை விட்டுச் சோதித்தேன். தண்ணீர் மீசை வழியாக ஏறி மூக்குக்குள் போனது. தும்மியதில் வாளி கவிழ்ந்தது. அன்று மாலையே மீசையும் போனது. இத்தனை வருடம் வெயில் படாதிருந்த மேலுதடு அவித்த முட்டை மாதிரி வெளியே வந்தது.

கடல் ஆசை என்னுடையதல்ல, என் மனைவியுடையது. யாழ்ப்பாணத்தில் கடற்கரையோரம் பிறந்து, கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து, ஒரு நாளும் அதில் இறங்காதவள். அண்ணன்மார் குதித்து நீந்துவார்களாம். இவள் கரையில் நின்று அவர்கள் கழற்றிய சேட்டுகளைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம். பிறகு யுத்தம் தொடங்கி, கரைக்கே போக முடியாத காலம் வந்தது. பிறகு நான் வந்தேன். கடலே இல்லாத ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாற்பத்தெட்டு வயதில், தினமும் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து முடித்த கையோடு அவள் நீச்சல் குளத்துக்குப் போகத் தொடங்கினாள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, சுவரைப் பிடித்துக் காலடிக்கப் பழகினாள். "டீச்சர், முழங்கால மடக்காதீங்க" என்று ஒரு வாண்டு அவளைத் திருத்தியதாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானாக இருந்தால் ஊரையே மாற்றியிருப்பேன். அவள் முழங்காலை மடக்காமல் அடிக்கப் பழகினாள்.

ஒரு நாள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "கடலுக்கு அடியில என்ன இருக்குதெண்டு ஒருக்கா பாக்கவேணும்."

அந்த நிமிடமே நான் ஒரு திட்டமிடல் குழுவாகிவிட்டேன். தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லாம் நானே. முதல் கூட்டத்தில் மாலைதீவு என்று தீர்மானம் நிறைவேற்றினேன்.

"தீவில இருந்துகொண்டு இன்னொரு தீவுக்கு ஏனப்பா பறக்கவேணும்?" என்றாள்.

தீர்மானம் வாபஸ். உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஆட்கள் பறந்து வந்து முக்குளிக்கிற கடல் திருகோணமலையில் இருக்கிறது. நிலாவெளியிலிருந்து படகில் கொஞ்ச நேரம் போனால் புறாத்தீவு. நமக்கு நிலாவெளி வரை பஸ்ஸே போகிறது. பௌர்ணமிப் போயா லீவு திங்கட்கிழமை வந்ததால் மூன்று நாள் சேர்ந்து கிடைத்தது. சனிக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி, ஞாயிறு காலை தீவுக்குப் போய் உண்மையான கடல். நிலாவெளிப் பயிற்சியாளரிடம் போனில் இடம் பிடித்தேன். துணைக்கு நானும் இறங்குவேன் என்று அறிவித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதைக் குழு ஒரு தடையாகக் கருதவில்லை. பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு போவாராம்.

நான் வாசித்த எதிலும் இல்லாத ஒரு விஷயம் அப்போதுதான் ஆரம்பித்தது. எங்கள் ஆட்களிடையே, மீசைக்காரன் ஒருவன் திடீரென்று மீசை இல்லாமல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறான். என் அம்மா முன்பே போய்விட்டார். மிச்சமிருந்தவர் அப்பா: ஹுன்னஸ்கிரியவில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல சுகத்தோடு இன்றும் ஊரையே வேலை வாங்கிக்கொண்டிருப்பவர்.

கந்தோரில் ஒருவர் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போனார். இன்னொருவர் என் மேசைக் கோப்புகளைத் தானே தூக்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரிய சட்டியில் சோறு கொண்டுவந்தார்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"அடுப்பு பத்த வச்சிருக்க மாட்டீங்களே தம்பி. எண்பது வயசு இருக்குமா?"

"யாருக்கு?"

அக்காவுக்கு விளக்கம் சொல்லி அனுப்பினேன். ஆனால் பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன் என்னைக் கண்டி பஸ் நிலையத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். நான் கையை ஆட்டினேன். அவர் என் உதட்டைப் பார்த்துத் தலை குனிந்தார். பஸ் புறப்பட்டுவிட்டது. நேரே ஹுன்னஸ்கிரிய வீட்டுக்குப் போன் எடுத்து, மறுபக்கக் குரல் யாருடையது என்றுகூடக் கவனிக்காமல், "கருமாதி எப்ப?" என்று கேட்டிருக்கிறார்.

"யாருக்குடா?" என்று கேட்டவர் அப்பா.

அடுத்த அழைப்பு எனக்கு வந்தது.

"டேய், நான் எப்ப செத்தேன்?"

"இல்லப்பா, அது வந்து, முகமூடிக்குள்ள தண்ணி போகாம இருக்க..."

"என்ன மூடி?"

சொன்னேன்.

"போயா லீவு ஞாயித்துக்கிழம நம்ம மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து சேரு. அம்மன் சுத்தி வர்றப்ப நீயும் நானும் ஒண்ணா முன்னால நிக்கணும். நான் உசுரோட இருக்கேனா இல்லையான்னு நாலு பேரு கண்ணால பாக்கட்டும்."

திட்டமிடல் குழு கலங்கவில்லை. அம்மன் வலம் வருவது இரவு தொடங்கும் நேரத்தில். காலையில் கடல், பகலில் வாடகை வான் பிடித்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, அங்கிருந்து மேலே ஹுன்னஸ்கிரிய. மீனையும் பார்க்கலாம், மாரியம்மனையும் பார்க்கலாம். பெருமை தாங்காமல் பயிற்சியாளருக்கே போன் எடுத்துச் சொன்னேன்.

"ஹுன்னஸ்கிரிய மலையில எல்லோ இருக்கு சேர்?"

"ஆமா, நல்ல குளிர்."

"முக்குளிச்ச உடனே மலை ஏறக்கூடா. பிளேனும் ஏறக்கூடா. சோடாப் போத்தல் மூடியத் திறந்தா எப்படி நுரைக்கும்? உடம்புக்குள்ள அப்படி ஆயிரும். ஒரு நாள் கீழ இருந்துட்டுப் போங்க."

நான் அந்தப் பகுதியை வாசித்திருந்தேன் என்பதுதான் கேவலம். விமானம் என்று போட்டிருந்ததால், ரோட்டில் போகிறவனுக்கு இது எதற்கு என்று தாண்டிவிட்டேன். எப்படி இறங்குவது என்றே இரவு பகலாகப் படித்தவன், என் வீடே மேலேதான் இருக்கிறது என்பதை மறந்துபோனேன்.

"அப்ப அடுத்த வருசம் பார்ப்போம்" என்று மனைவியிடம் சொன்னேன், ஏதோ நானே தியாகம் செய்வது போல. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "ஓம்" என்றாள். தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்குகிற அவளுடைய நீச்சல் தொப்பியைக் காணவில்லை. அலுமாரிக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டு அலுமாரிக்குள் போன பொருள் எதுவும் திரும்பி வந்ததில்லை.

மறுநாள் காலை பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சை பாருங்கோ. மீசை எடுத்தது ஆர்?"

"நான்."

"மாமா முன்னால நிக்கச் சொன்னது ஆரை?"

"என்னை."

"பிறகு நான் ஏன் மலை ஏறவேணும்?"

நாள் கணக்காகக் கூடிய குழுவுக்குத் தோன்றாதது அது. மூன்று கேள்வியில் வழியைக் காட்டிவிட்டு, ஆறிப்போன பாணைக் கடித்தாள். அவளிடம் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றேன். மருமகள் திருவிழாவுக்கு வராமல் கடலுக்குப் போகிறாள் என்று சொல்கிற தைரியம், மீசை இருந்த காலத்திலும் எனக்கு இருந்ததில்லை.

அவளே போனை எடுத்தாள்.

"மாமா, நான் திருவிழாவுக்கு வரேல்லை. திருகோணமலைக்குப் போறன்."

"கோணேசர் கோயிலுக்கா புள்ள?"

"இல்லை மாமா. கடலுக்கு அடியில."

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"அங்க என்ன இருக்கு?"

"தெரியேல்லை. அதைப் பாக்கத்தான் போறன்."

அப்பா சொன்னார்: "சரி. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அலுமாரி திறந்தது. தொப்பி வெளியே வந்தது. கூடப் படிப்பிக்கிற ஒரு சிநேகிதியோடு அவள் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். நான் வாங்கிய முகமூடியைக் கொடுத்தேன். அணிந்து பார்த்தாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது.

ஞாயிறு மாலை கோயில் வாசலில் அப்பாவும் நானும் நின்றோம். புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, வந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவரே போய்க் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். பிலிமத்தலாவைக்காரர் அவர் காலில் விழுந்து எழும்பினார். நான் பக்கத்தில் சாட்சிப் பொருளாக நின்றேன். மேளத்துக்கு நடுவே என் போன் அதிர்ந்தது. படம். நீலத்துக்குள் கறுப்பு உடுப்பில் ஓர் உருவம், சுற்றிலும் மஞ்சள் மீன்கள், மேலே ஏறுகிற குமிழிகள். முகமூடியால் முகம் தெரியவில்லை. ஆனால் கால்கள் இரண்டும் நேராக நீட்டி இருந்தன, முழங்கால் மடங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்தேன். சாம்பிராணிப் புகை என்று அப்பாவிடம் சொன்னேன்.

சொன்னபடி ஒரு நாள் கடற்கரையில் சும்மா இருந்துவிட்டு, பாடசாலைக்கும் ஒரு நாள் லீவு சொல்லி, அவள் செவ்வாய்க்கிழமை வீடு வந்தாள். பையைக்கூடத் திறக்காமல் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். பவளப்பாறை, ஆமை, தன் மூச்சே தனக்குக் கேட்கிற அமைதி என்று ஒன்று விடாமல் சொன்னாள். என்னை ஒரு வாக்கியமும் முடிக்கவிடாத அப்பா, அவளை ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"எல்லாம் சரிடா," என்றார். "அப்ப நீ எதுக்கு மீசைய எடுத்த?"