அவள் பெயருக்கு வந்த மின்னஞ்சல்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஜூன் மாதம். அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வீடு கச்சிராயபாளையத்தில். காலையில் நான் பைக்கில் டவுனுக்குக் கிளம்புவேன். என் மனைவி எதிர்த்திசையில் பஸ் ஏறி, கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போவாள். அங்கே மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறுதானிய நிறுவனத்தில் அவள் களப் பொறுப்பாளர். விதை கொடுப்பது, விளைச்சலை எடை போட்டு வாங்குவது, மூட்டைகளைக் கீழே அனுப்புவது எல்லாம் அவள் வேலை.

அடுத்த வருடம் ஷோரூமுக்குப் புதிய கிளை வரப்போகிறது, எம்.பி.ஏ. முடித்தவர்களைத்தான் மேலாளராகப் போடுவார்கள் என்று ஒரு பேச்சு ஓடியது. எனக்கு ஆசை வந்துவிட்டது. சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்காக வாரக் கடைசி வகுப்பு நடத்துகிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் நேர்முகம். கரும்பு வெட்ட வந்தவர்களிடம்கூட என் அப்பா, "பையன் எம்.பி.ஏ. சேரப் போறான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் அப்போது விண்ணப்பமே போட்டிருக்கவில்லை.

பிரவுசிங் சென்டரில் என் விண்ணப்பத்தைப் போட்ட அன்று, துணைக்கு இருக்கட்டுமே என்று அவளுக்கும் ஒன்று போட்டேன். அவள் பி.காம்., மூன்று வருட அனுபவமும் இருந்தது. நான்தான் வற்புறுத்தினேன். மலையில் அவள் போனுக்குச் சிக்னல் கிடைக்காது, ஓடிபி வந்தால் பார்க்க முடியாது என்பதால் இரண்டு விண்ணப்பத்திலும் என் நம்பரையே கொடுத்தேன். அவள் பெயரில் ஒரு மெயில் முகவரி திறந்து, அதையும் என் போனிலேயே வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு படிப்பு. எனக்குக் கணக்கு வராது. விகிதம், சதவீதம் என்றால் அந்தப் பக்கத்தையே தள்ளிவிடுவேன். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்து, அடுப்பில் சாதத்தை வைத்துவிட்டு அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். தேர்வு அன்று சின்னசேலத்தில் ரயில் ஏறி இருவரும் சேலம் போனோம். ரயிலிலும் என் நோட்டைத்தான் திருப்பிக்கொண்டிருந்தாளே தவிர, தனக்கென்று ஒரு பக்கம்கூட அவள் படித்ததாக ஞாபகம் இல்லை.

முடிவு வந்தபோது என்னைவிட அவள் மதிப்பெண் நிறையவே அதிகம். நான் சிரித்துக்கொண்டே, "இன்னா டீச்சரம்மா, மாணவனைத் தோற்கடிச்சிட்டியே" என்றேன். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் எனக்கு எங்கோ குத்தியது. இருந்தாலும் எனக்கும் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷோரூமில் ஒரு வாடிக்கையாளரிடம் ரோட்டவேட்டர் கலப்பை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது போனில் மெயில் வந்தது. அழைப்புதான். ஆனால் அவள் பெயருக்கு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகையை உறுதி செய்ய வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, கையெழுத்தும் முத்திரையுமாக இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.

என் மெயிலைத் திறந்து பார்த்தேன். எதுவும் இல்லை. சாயங்காலத்துக்குள் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது, ஷோரூமில் என்னை 'மேனேஜர்' என்று கிண்டலாகக் கூப்பிடுவது, எல்லாம் மாறி மாறி மனதில் வந்தன. மனைவி எம்.பி.ஏ., புருஷன் டிராக்டர் விற்கிறான் என்று யாரோ பேசுவது போலவே கேட்டது. யாரும் பேசவில்லை, நான்தான் பேசிக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது இவ்வளவுதான்: "உங்களுக்கு ஏதாவது வந்துச்சாங்க?"

தனக்கு வந்ததா என்று கேட்கவில்லை. எனக்கு வந்ததா என்றுதான் கேட்டாள். "எனக்கு வரல" என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை அது உண்மைதான். அந்தத் தைரியத்தில்தான் அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடிந்தது. புதன்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். "வரும், லேட்டா அனுப்புவாங்க" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒரு விஷயம் சொன்னாள். சனிக்கிழமைக்கு லீவு கேட்டு வைத்திருக்கிறாளாம். எனக்கு அழைப்பு வந்தால் தனியாகப் போக வேண்டாம், நானும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருப்பேன் என்றாள். சொல்லிவிட்டு பஸ் வந்ததும் ஓடிவிட்டாள். நான் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனாலும் ஷோரூமுக்குத்தான் போனேன்.

பதினோரு மணிக்கு இரண்டாவது மெயில் வந்தது. இன்னும் உறுதி செய்யவில்லை, இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம் என்று நினைவூட்டி அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இனி நான் சும்மா இருந்தாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. எவ்வளவு சுலபமாக அது முடியும் என்று நினைத்ததும் போனை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்கு வெளியே வந்தேன். அவளுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையில் ஏறினேன். அந்தப் பாதையில் அத்தனை வேகமாக நான் போனதே இல்லை. வழி முழுக்க, அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தேடினேன். நேற்று ராத்திரிதான் வந்தது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு வளைவில் நினைத்தேன். அடுத்த வளைவிலேயே அதை விட்டுவிட்டேன்.

வெள்ளிமலை போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால். கிடங்கு வாசலில் பெண்களுக்கு விதைச் சாமையை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோய், "மாமாவுக்கு இன்னா ஆச்சு?" என்று என் அப்பாவைத்தான் கேட்டாள். அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, தனியாகக் கூப்பிட்டுப் போய் போனை நீட்டினேன்.

படித்தாள். மறுபடி மேலே போய்த் தேதியைப் பார்த்தாள்.

"எப்ப வந்துச்சு இது?"

"செவ்வாக்கிழமை."

திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். "மணி இன்னா?" என்றாள். சொன்னேன். நேராக உள்ளே போனாள்.

சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் நிறுவனத்தின் தலைவர். அவர் மலைக்காரர், விவசாயி. அலுவலகத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அவருடைய ஊர் இன்னும் உள்ளே, கரடுமுரடான பாதை. கையெழுத்து வாங்கித் திரும்பவும் இங்கே வந்து முத்திரை குத்த நேரம் இருக்காது என்று அவள் கணக்குப் போட்டாள். சான்றைத் தன் கையாலேயே எழுதினாள். லெட்டர்பேடில் இரண்டு தாள் கூடுதலாகக் கிழித்துக்கொண்டாள். முத்திரை, மைப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு விதைப் பையில் போட்டுக்கொண்டு, கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டு பைக்கில் ஏறினாள். இதற்கெல்லாம் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னிடம் வழி மட்டும் சொன்னாள்.

தலைவர் தன் சாமைக் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் தாளை வாங்கவில்லை. மாட்டை நிறுத்திவிட்டு யோசித்தார். இதற்கு முன்னால் அவள் வேலையில் இருந்த இரண்டு பேரும் படிப்பு, பரீட்சை என்று போனவர்கள்தான், திரும்பி வரவே இல்லை என்றார். "நீயும் போய்ட்டா எங்க சாமைய யாரு கேப்பா?"

எனக்குப் பதறியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வகுப்பு சனி, ஞாயிறுதாங்க. திங்கக்கிழம காலைல கிடங்கத் தொறக்குறது நான்தான். இந்தச் சாமைய இன்னும் நல்லா எப்பிடி விக்கிறதுன்னு கத்துக்கத்தான் போறேன். எனக்கு இந்தக் காலேஜ் சீட்டு வேணுங்க."

மூன்று நாளாக நான் மறைத்து வைத்தது என்ன என்று அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் புரிந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று நான் போட்ட விண்ணப்பம் அவளுக்கு எப்போது இவ்வளவு பெரிதாகியது என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

அவர் ஏரை விட்டுவிட்டு வரப்புக்கு ஏறி வந்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பைக் சீட்டின் மேல் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவள் முத்திரை குத்தினாள்.

திரும்பும்போது தூறல். தாளை விதைப் பைக்குள் மடிக்காமல் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சிக்னல் எந்த வளைவில் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே நிறுத்தச் சொன்னபோது மணி நாலேகால் தாண்டிவிட்டது. ஒரு பாறையை ஒட்டி நான் துண்டை விரித்துப் பிடிக்க, அதன் கீழே தாளை வைத்துப் படம் எடுத்தாள். ஏற்றினாள். அளவு அதிகம் என்று நிராகரித்தது. ஓரங்களை வெட்டி மறுபடி ஏற்றினாள், திரும்பவும் அதே பதில். அவள் படத்தைத் திரையில் சின்னதாக்கி, அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுத்து தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, மூன்றாவது தடவை ஏற்றினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரு கோடு போய்ப் போய் வந்தது. ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது, உங்கள் வருகை உறுதி செய்யப்பட்டது என்று வந்தது.

அவள் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அந்த மெயிலின் கடவுச்சொல்லை மாற்றினாள். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள்.

அணை வரைக்கும் இறங்கி வந்தோம். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வரலன்னு சொன்னீங்க. அது பொய்கூட இல்ல. அதான் ஜாஸ்தி வலிக்குது."

மன்னித்துவிடு என்றேன். அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். அதன் பிறகு மருமகளிடம் போய் சனிக்கிழமை எந்த ரயில் என்று கேட்டார்.

சனிக்கிழமை அவளோடு நான் சேலம் போனேன். கல்லூரி வாசலில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரிக்கு நேர்முகம் என்றேன். நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டுத் தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பத்து நாளில் அவளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. நேர்முகத்தின்போது அவள் மாற்றிக் கொடுத்திருந்த அவளுடைய நம்பருக்கு, அவளுடைய மெயிலுக்கு. மலையிலிருந்து இறங்கும் வழியில் அதே வளைவில் பஸ்ஸில் இருந்தே எனக்குப் போன் செய்து சொன்னாள்.

இப்போது அவள் கடைசிப் பருவத்தில் இருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் கிடங்கைத் திறப்பது இன்னும் அவள்தான். ஷோரூமின் புதிய கிளைக்கு வேறொருவர் மேலாளராக வந்துவிட்டார். போன வருடம் நான் மறுபடி எழுதினேன், கிடைக்கவில்லை. இந்த வருடமும் எழுதியிருக்கிறேன். சதவீதக் கணக்கு இப்போது வருகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, சின்னசேலம் ரயில் நிலையத்தில் அவளை வண்டி ஏற்றிவிட நின்றிருந்தேன். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "அன்னிக்கு அந்த ரெண்டாவது மெயில் வரலன்னா எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "தெரியல" என்றேன். அவள் பையை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, சாப்பாடு மேசை மேல் மூடி வைத்திருக்கிறேன், மறக்காமல் சாப்பிடுங்கள் என்றாள்.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் வேறு பதில் இல்லை. நான் நல்லவன் என்று சும்மா நம்பிக்கொண்டிருந்தால் போதாது, ஒவ்வொரு நாளும் அப்படி நடந்து காட்ட வேண்டும் என்பதை எனக்கு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பதில்தான்.