குழந்தைகள் வரிசையில் தங்கராஜு

“தள்ளி உக்காருங்கம்மா. நானும் பேபிதான் லா.”

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, கிளினிக்கின் தடுப்பூசி வரிசையில் கைக்குழந்தைக்காரத் தாய்மார்களுக்கு நடுவே தங்கராஜு இடம் பிடித்தார். கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் செம்பனைக் குலை லோரி ஓட்டுபவர். வயது ஐம்பத்திரண்டு. நோய்க்குப் பிறகு முளைத்த மீசை சுருள் சுருளாக வந்ததில் அவருக்குத் தனிப் பெருமை.

பக்கத்திலிருந்த விமலா மடிக் குழந்தையோடு திரும்பி, “அங்கிள், ஊசி யாருக்கு?” என்றாள். கேட்டால் போதாதா!

அவருக்கு ரத்தப் புற்று. கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, தங்கை கலாவதியின் ஸ்டெம் செல்களை ஏற்றினார்கள். “ஒரே ஒரு பை, தக்காளி சூப் மாதிரி!” அவை யாரிடமும் வழி கேட்காமல் எலும்புக்குள் போய்க் குடியேறிவிட்டன. ஓ குரூப்பாக இருந்தவர் பி ஆனார். “இப்ப என் ரத்தத்த டெஸ்ட் பண்ணா பொம்பளன்னு காட்டுது லா!” அவர் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

“அதுக்கு ஏன் பிள்ளைங்க ஊசி?” என்றாள் விமலா.

“எலும்புக்குள்ள ஒரு தாய் செல் இருக்கும்மா. செவப்பு ரத்தமும் அது பெத்த பிள்ள, கிருமிய வாசல்லயே அடிச்சு வெரட்டுற ஜாகா, அதான் காவக்காரன், அவனும் அது பெத்த பிள்ள. தாய மாத்துனா ரெண்டும் புதுசு. புது ஜாகாவுக்கு எந்தத் திருடனையும் தெரியாது. முதல்லேர்ந்து காட்டிக் குடுக்கணும்.”

“வாய் மட்டும் பழசு,” என்றாள் பின்னால் நின்ற கலாவதி. கெர்லிங்கிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள்.

“அது ஒன் ரத்தம் பண்ற வேல!”

“அடிக் தங்கராஜு!” என்று நர்ஸ் மிஸ்ஸி, மலாயில் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட, வரிசையே குலுங்கிச் சிரித்தது. ஊசி இறங்கியதும், “அம்மாடியோ!” என்று அலறினார். சிரித்துச் சிரித்து மிஸ்ஸிக்குக் கண்ணில் நீர்.

இரண்டு வருஷமாகக் கோயில் கூட்டம் கிடையாது, கல்யாணம் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் ஓடிவந்தால் கிருமிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். இனித் தாராளமாகக் குழந்தைகளைத் தூக்கலாம் என்று டாக்டர் போன வாரம்தான் சொன்னார். இன்னும் யாரையும் தூக்கவில்லை. தைரியம் வரவில்லை.

வெளியே வந்தபோது விமலா பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். “அங்கிள், இவனைக் கொஞ்சம் பிடிங்களேன்.”

தங்கராஜு தங்கையைப் பார்த்தார். கலாவதி தலையசைத்தாள்.

இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் அழுந்தத் துடைத்துவிட்டு, கைகளை நீட்டினார்.