ஃப்ரீசருக்குள் போன ஆன்டிபாடி

வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, சொட்டளவு எடுக்கும் பைப்பெட்டைப் பிடிக்கத் தெரியாதவர்களைக் கண்டால் தையல்நாயகிக்கு ஆகாது. விழுப்புரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபத்தொரு வருட வேலை. வானூர்ப் பக்கம் பிறந்து, டிப்ளமோ முடித்து, திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்துபோகிறவள். இதற்குள் ஐந்து மேலதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். ஒருவரையும் அவள் மதித்ததில்லை. அதை மறைக்கவும் தெரியாததால் பதவி உயர்வு அவள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாவதாக வந்தவர் டாக்டர் ரஞ்சித். வாய் திறந்தால் கருத்தரங்கு. கை மட்டும் சட்டைப் பையை விட்டு வெளியே வராது.

தையல்நாயகியின் வேலை எச்.ஐ.வி. நோயாளிகளின் ரத்தத்தில் சிடி4 அணுக்களை எண்ணுவது. உடம்பைக் காக்கும் சில வெள்ளை அணுக்களின் மேல்தோலில் சிடி4 என்றொரு புரதம் இருக்கும். சின்னக் குப்பியில் வரும் ஆன்டிபாடி அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்த்த சாயம் ஒளிர, இயந்திரம் எண்ணிச் சொல்லும். நோயில்லாதவர்களுக்கு எண்ணிக்கை ஐந்நூறுக்கு மேல் இருக்கும்; இருநூறுக்குக் கீழே போனால் ஆபத்து. அந்தக் குப்பியை ஃப்ரிட்ஜில் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். உறைய விட்டால் சாயம் செத்துவிடும். குப்பியின் மேலேயே அச்சடித்திருக்கும்.

கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்காக அவள் மூன்று நாள் லீவு எடுத்தாள். திரும்பி வந்தபோது ஃப்ரிட்ஜ் முழுக்கக் கலர் கலராக லேபிள் ஒட்டியிருந்தது. ரஞ்சித் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார். படிக்கிற லேபிளை விட ஒட்டுகிற லேபிள் பெரிதாகத் தெரியும் ஆள் என்று நினைத்துக்கொண்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அந்த வாரம் ஒன்பது பேருக்கு எண்ணிக்கை சரிந்தது. விக்கிரவாண்டியில் கடலைக் காட்டுக்கு மல்லாட்டை பறிக்கப் போகும் முனியம்மாளுக்குப் போன முறை அறுநூற்றுப் பன்னிரண்டு. இப்போது நூற்றெழுபத்து நான்கு. நோயாளிகள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவதில்லை என்று ரஞ்சித் மருத்துவமனைக்கு எழுதியே அனுப்பிவிட்டார். மருத்துவரிடம் திட்டு வாங்கிய முனியம்மாள் நேரே கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஆறு வருசமா ஒரு வேளை தவறுனதில்லம்மா. பொய் சொல்றேன்னு சொல்லிக்கினு இருக்காங்க."

தையல்நாயகி உள்ளே போய்த் தன் கையில் ஊசி குத்தி, தன் ரத்தத்தையே இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாள். இருநூற்றெட்டு. குப்பியோடு ரஞ்சித்தின் மேஜைக்குப் போனாள்.

"சார், நான் லீவுல இருந்தப்ப இத எங்க வெச்சீங்க?"

"ஃப்ரீசர்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்து கீழ வெச்சுட்டேன். ஃப்ரீசர்ல வெச்சா ரொம்ப நாள் தாங்கும்."

"எனக்கு இருநூத்தி எட்டு காட்டுது சார். எனக்கும் மாத்திரை எழுதிக் குடுத்துடுங்க."

ரஞ்சித் முதலில் கம்பெனியைக் குறை சொன்னார். பிறகு, வெளியே தெரிந்தால் பேஜாராகிவிடும், அடுத்த முறை எண்ணிக்கை தானாகவே ஏறிவிடும், எழுத்தில் ஒன்றும் வேண்டாம் என்றார். இத்தனை படித்தவனுக்குப் பயம் கூட இவ்வளவு மலிவாகத்தான் வருமா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். அடுத்த வரி எழுதும்போதுதான் கை நின்றது. தினமும் காலையில் எண்ணிக்கை தெரிந்த நல்ல ரத்தம் ஒன்றை ஓட்டிச் சரிபார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. ரயில் தாமதம் என்று, லீவு முடிந்து வந்த நான்கு நாளும் அதை விட்டிருந்தாள். யாராவது பார்த்தார்களா என்ன? ரஞ்சித்தைப் பார்த்த அதே கண்ணால் தன்னையும் பார்த்துவிட்டு, அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பது பேருக்கும் அவளே போன் செய்தாள். புதுக் குப்பி வந்து முனியம்மாளுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு காட்டியது.

"உன் மேல தப்பில்லக்கா. எங்க மேலதான் தப்பு," என்றாள் தையல்நாயகி.

"அத என்னத் திட்டுன அந்த டாக்டராண்ட எழுதிக் குடு," என்றாள் முனியம்மாள். சிரிக்கவில்லை. தையல்நாயகி எழுதிக் கொடுத்தாள்.

நிர்வாகம் தையல்நாயகிக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எழுத்தில் ஒப்புக்கொண்டவள் அவள்தானே. ரஞ்சித் புதுச்சேரியில் ஒரு கூட்டத்தில் தரக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார். பிழையைக் கண்டுபிடித்தது தான்தான் என்ற தோரணையில். மூன்று மாதத்தில் அவருக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைத்தது. வழியனுப்பு விழாவுக்கு எல்லோரும் மாடிக்குப் போனார்கள். தையல்நாயகி போகவில்லை. பதினொரு சாம்பிள் பாக்கி இருந்தது.