உப்பு தூவியும் நக்காத தாய்

1. நாலு கால்

வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்து மாட்டுப்பட்டியில இருபத்தெட்டு வருசம் வேலை பாத்தவ நான். பேரு புஷ்பம். கன்னு கோணையா வந்தாலும் கைய விட்டு நேராக்கி இழுத்துருவேன். அந்தத் திமிரு எனக்கு உண்டு, அத ஏன் மறைக்கணும்?

தோட்ட வேலையிலருந்து நின்ன பிறகு ஹாஜியாரு ஆள் விட்டாரு. டவுன்ல ஹார்ட்வெயார் கடை வெச்சிருக்கிறவரு. நானுஓயாவுக்கு மேல, சுற்றுலாக்காரங்க வந்து பாக்குறதுக்குன்னு ஒரு பண்ணை போட்டிருந்தாரு.

"புஷ்பக்கா, மாடு நாலு இருக்கு. அதோட வெளிநாட்டு மிருகம் கொஞ்சம் வந்திருக்கு. பாத்துக்கிருவீங்களா?"

"அதுக்கும் நாலு காலுதானே ஹாஜியார்?"

"நாலுதான்."

"அப்ப பாத்துக்கிறேன்."

ரெண்டு லாமா, மூணு அல்பாக்கா. ஒட்டகத்துக்குச் சொந்தமாம், ஆனா திமில் கெடையாது. தென் அமெரிக்காவுல மலை உச்சியில வாழுற சாதி. பெரிய லாமா கழுத்த நிமித்தி, என்னைய மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்துச்சு. மலையச் சுத்திப் பாக்க வர்ற தோட்டத்து மேனேஜர் தொர மாதிரியே! அன்னிக்கே அதுக்குப் பெரியதொரன்னு பேரு வெச்சுட்டேன். வெள்ளை அல்பாக்கா ஒன்னு வரும்போதே சினையா வந்துச்சு. அது வெள்ளச்சி.

2. மேட்டுல ஏறுறப்ப

பண்ணைக்குப் பின்னால மேய்ச்சல் நிலம் செங்குத்தா இருக்கும். கொழுந்துக் கூடையோட மலை ஏறிப் பழகுன குடும்பம் நாங்க. அப்படியும் பாதி மேட்டுல எனக்கு மூச்சு வாங்கும். மாடு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். பெரியதொர மட்டும் வாய மூடிக்கிட்டு, கடைக்குப் போற மாதிரி நடந்து மேல போயிருவாரு. அடேயப்பா, எனக்குப் பொறாமையா இருக்கும்.

மாசம் ஒரு தடவ நுவரெலியாவுலருந்து மிருக வைத்தியர் வருவாங்க. சிங்களவங்க, தமிழ் நல்லா பேசுவாங்க. டொக்டர் மிஸ்னு கூப்பிடுவோம். எப்படி மிஸ் இதுக்கு எளைக்கவே மாட்டேங்குதுன்னு கேட்டேன்.

"ரத்தம் புஷ்பா. எங்களுக்கு, மாட்டுக்கு எல்லாம் ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணு வட்டமா பருப்பு மாதிரி. இதுகளுக்கு அரிசி மாதிரி நீளம், சின்னது. காத்து கொஞ்சமா இருந்தாலும் இறுக்கிப் புடிச்சுக்கும். இவங்க ஊரு நுவரெலியாவ விட ரெண்டு மடங்கு உயரம். அங்க காத்தே கொஞ்சம்தானே?"

அதுக்கப்புறம் ஒவ்வொன்னா கவனிச்சேன். மாடு நடந்தா மழை நாள்ல மேடு சேறாப் போயிரும். இதுகளுக்குப் பாதம் மெத்துனு இருக்கு, மண்ணு கரையல. புல்ல வேரோட புடுங்காம நுனியத்தான் கடிக்குது. சாணி போட எல்லாத்துக்கும் ஒரே எடம், வரிசையில நின்னு போகும். இவ்வளவு ஒழுங்க நான் மனுசங்ககிட்டகூடப் பாத்ததில்ல.

ஒரு நாள் நல்ல மழை. வெள்ளச்சிக்குக் குளிருமேன்னு சாக்கு எடுத்துக்கிட்டு ஓடுனேன். ரோமத்துக்குள்ள வெரல விட்டுப் பாத்தா மேலதான் ஈரம். உள்ள தோலு காஞ்சு கதகதன்னு இருக்கு. சாக்க நானே தலையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

3. உப்பு

வெள்ளச்சி குட்டி போட்டது காலையில பத்து மணி போல. நின்னபடியே போட்டுச்சு. குட்டி நீட்டுக் காலோட பொத்துனு விழுந்து தலைய ஆட்டுச்சு. தேயிலை மலையிலருந்து மூட்டம் எறங்கிக்கிட்டு இருந்துச்சு, வெயிலே இல்ல.

மாடுன்னா கன்னு விழுந்த ஒடனே திரும்பி நக்கும். அதுலதான் கன்னுக்கு ஈரம் காயும், சூடு ஏறும். வெள்ளச்சி மோந்து பாத்துச்சு, மூக்கால 'ம்ம்ம்'னு மொனகுச்சு. நக்கல. கால் மணி நேரம் ஆச்சு, அப்பவும் நக்கல. குட்டி நனைஞ்சு நடுங்குது.

நக்காத மாட்டுக்குப் பட்டியில ஒரு வழி வெச்சிருக்கோம். கன்னு முதுகுல கல்லு உப்பு தூவுனா, உப்பு ருசிக்காவது நக்க ஆரம்பிச்சிரும். எனக்கு எத்தனையோ தடவ பலிச்ச வழி. ஒரு கை உப்ப அள்ளிக் குட்டி மேல தேச்சேன். வெள்ளச்சி காத மடக்கி என் மூஞ்சியிலயே துப்புச்சு. பச்சை நெறத்துல எச்சில், நாத்தம் கொடலப் புடுங்குது.

"நீயெல்லாம் ஒரு தாயா? பெத்தத வேணாங்குறியே பாவி!"

கோவத்துல குட்டியச் சாக்குல சுத்தித் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிட்டேன். அங்க செவல மாடு கன்னு போட்டு நாலு நாளுதான் ஆயிருந்துச்சு. குட்டிய முன்னால வெச்சேன். உப்பு பட்ட ஒடனே நக்கு நக்குனு நக்கிருச்சு. பாத்தியா, மாட்டுக்கு இருக்கிற பாசம்னு எனக்குப் பெருமைன்னா பெருமை. அந்தப் பெருமையோடயே டொக்டர் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன்.

4. நாக்கு

"ஐயோ புஷ்பா! குட்டிய ஏன் தாய்கிட்டருந்து எடுத்தீங்க?"

"அது நக்கல மிஸ்."

"நக்காது! அந்த மிருகத்துக்கு நாக்கு அவ்வளவு வெளிய வராது. தாய் நக்கிக் காய வைக்கிறது இல்ல, வெயில்தான் காய வைக்கும். அங்க மலையில ராவுக்கு ஐஸ் விழும். அதனாலதான் காலையிலயே குட்டி போடும். வெயில்ல காஞ்சு, எழும்பி, பால் குடிச்சு, ராவுக்கு முந்தி குட்டி தெம்பாயிரும். தாய் மொனகுச்சா?"

"மொனகுச்சு."

"அதுதான் கூப்பிடுறது. குட்டிக்கு அந்தக் குரலப் பழக்குது."

வெளிய வெள்ளச்சி கம்பி வேலி ஓரமா அங்கயும் இங்கயும் ஓடி மொனகிக்கிட்டே இருந்துச்சு. அது எனக்கு அப்பத்தான் காதுல விழுந்துச்சு.

மிஸ் தெளிவாச் சொன்னாங்க. மாட்டு எச்சிலச் சுடுதண்ணித் துணியால தொடைக்கணும். துவாயால ஈரம் போகத் தேய்க்கணும், இங்க வெயில் இல்லாததால அந்த ஒரு வேலைதான் நம்ம வேலை. விழுந்திருக்கிற நஞ்சுக்கொடியக் குட்டி பின்பக்கத்துல தடவி, தாய் முன்னால விட்டுட்டு வெளிய வந்துறணும். சீம்பால் சீக்கிரம் உள்ள போகணும், இல்லாட்டி குட்டி தேறாது.

"மாட்டு வாசத்துக்குத் தாய் சேத்துக்காட்டி, மிஸ்?"

"சேத்துக்கும்னு நெனச்சுச் செய்ங்க."

எல்லாம் செஞ்சேன். குட்டிய விட்டுட்டு வேலிக்கு வெளிய வந்து நின்னேன். வெள்ளச்சி ஓடி வந்து மோந்துச்சு, தலையத் திருப்பிக்கிட்டு நாலடி தள்ளிப் போயிருச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. திரும்ப வந்துச்சு, திரும்பப் போச்சு. குட்டி எழும்பப் பாத்து மூணு தடவ விழுந்துச்சு. ஓடிப் போய்த் தூக்கிவிடணும்னு கை பரபரங்குது. ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டேன்.

மழை தூற ஆரம்பிச்சுச்சு. நாலாவது தடவ குட்டி எழும்பி, காலு நாலயும் அகட்டி நின்னுக்கிட்டு, கொசு மாதிரி சின்னக் கொரல்ல 'ம்ம்'னுச்சு. வெள்ளச்சி சடக்குனு திரும்புச்சு. கிட்ட வந்து, குட்டி வாலுக்குக் கீழ ரொம்ப நேரம் மோந்துச்சு. பெறகு காத்து அடிக்கிற பக்கமா வந்து, மழைக்கும் குட்டிக்கும் நடுவுல நின்னுச்சு. குட்டி வயித்துக்குக் கீழ தடவித் தடவி மடியக் கண்டுபுடிச்சிருச்சு. பால் எறங்குனப்ப குட்டி வாலு முதுகு மேல ஏறி ஆடுச்சு. நான் மழையில நின்னு சத்தம் போட்டு அழுதேன். இந்தத் தாயப் போயி என்ன பேச்சுப் பேசிட்டேன்!

அதுக்கப்புறம் ரெண்டு குட்டி பொறந்திருச்சு. துவாயால தொடைப்பேன், வேலிக்கு வெளிய வந்துருவேன். இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான்: மொதல்ல நின்னு பாருங்க, பெறகு கைய வைங்க.

வெள்ளச்சி குட்டி போட்ட அன்னிக்கு மத்தியானம் ஹாஜியாரு கடையிலருந்து ஓடி வந்தாரு. குட்டி பால் குடிக்கிறதப் பாத்து அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"அல்ஹம்துலில்லாஹ்! புஷ்பக்கா, நீங்க மட்டும் இல்லாட்டி இந்தக் குட்டி என்னாகியிருக்கும்?"

"ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்தியே பால் குடிச்சிருக்கும் ஹாஜியார்"னேன்.