பத்து விரல் மடக்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பள்ளியின் பி.டி. ஆசிரியர். "டீச்சர், செல்லப்பாண்டி அண்ணே தவறிட்டாரு. விடியக்காலம் நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு." அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "நாளைக்குப் பிராக்டிகல் இருக்கே சார்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவர் மகள் அபிக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு அதன் பிறகுதான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர், செல்லப்பாண்டி அண்ணன் கழுவி வைத்த பியூரெட் குழாயைப் பிடித்து மதிப்பெண் வாங்கியவர்கள். எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். அமிலம் தெறித்து ஓட்டை விழுந்த சட்டைகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். பரீட்சை அன்று கண்டுபிடிக்கக் கொடுத்திருப்பது எந்த உப்பு என்று பையன்கள் காதோரம் கெஞ்சினால், "வாசம் புடிச்சுப் பாரு மாப்ள" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்காக ஆனையூரில் குடியிருந்தார். மனைவி மகேஸ்வரி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். ஒரே மகள் அபிராமி. மூன்று வயதில் அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை, நான் இந்தப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகும்வரை அவர் என்னிடம் சொல்லவில்லை.

சொன்ன நாள் நினைவிருக்கிறது. ஸ்டாஃப் ரூமுக்கு ஜாங்கிரியோடு வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டோம். "எம் மக என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம். "எங்க வீட்டுல கேள்வி கேக்காத நேரமே இல்லண்ணே, அதுக்கெல்லாம் ஜாங்கிரி குடுத்தா கட்டுப்படியாகுமா?" என்று கேட்டவள் நான். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆய்வகத்தில் தனியாக இருக்கும்போது விவரம் சொன்னார். அபிக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை, நாம் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்வாள். சாப்பிட்டாயா என்றால் அவளும் சாப்பிட்டாயா என்பாள். முந்தைய நாள் மாலை நனைந்துபோய் வீட்டுக்குள் நுழைந்த அப்பாவின் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மழையா?" என்று கேட்டிருக்கிறாள். "தானாக் கேட்டா டீச்சர். யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே வேலைதான். அபியோடு பேச ஆள் பிடிப்பது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, யார் கையில் அகப்படுகிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுவார். நான் பொறுமைசாலி இல்லை, உங்களுக்கே தெரியும். முதல் நாள், "சாப்பிட்டியா அபி?" என்று கேட்டேன். பதில் இல்லை. "என்ன குழம்பு?" அதற்கும் இல்லை. "அம்மா எங்க?" என்று ஆரம்பிப்பதற்குள் போனைக் கையால் பொத்திவிட்டார். "ஒரு கேள்வி மேல இன்னொன்ன அடுக்காதீங்க டீச்சர். பதில் வந்துக்கிட்டு இருக்கு. நீங்க அடுத்ததக் கேட்டா, வந்தது அப்பிடியே திரும்பிப் போயிரும்." பிறகு என் முகத்துக்கு நேரே இரண்டு கைகளையும் விரித்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மெதுவாக மடக்கினார். பத்தும் மடங்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. ஏழாவது விரலில் போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "புளிக்கொழம்பு. புடிக்கல." அண்ணனின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாநிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் அப்பாகூட அப்படிப் பூரித்திருக்கமாட்டார்.

ஒருமுறை அண்ணனோடும் அபியோடும் திருப்பரங்குன்றம் போனேன். டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் வந்ததும், "ஒரு நிமிசம்ணே, பாப்பா டிக்கெட் கேக்கும்" என்று அண்ணன் அவரை நிறுத்திவிட்டார். அபி ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி நின்றாள். அண்ணன் விரல்களை மடக்கத் தொடங்கினார். பின்னால் ஒருவர், "எம்புட்டு நேரம்யா?" என்று சத்தம் போட்டார். ஒன்பது விரல் மடங்கிவிட்டது. "ஒரு அப்பா, ஒரு நான், ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர். திருப்பரங்குன்றம்" என்றாள் அபி. கண்டக்டர் சிரித்துவிட்டார். "அப்பாவுக்கு மட்டும்தான்மா காசு. நீயும் கெமிஸ்ட்ரி டீச்சரும் ஃப்ரீ." இறங்கும்வரை அண்ணன் பஸ்ஸில் இருந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். சத்தம் போட்டவரிடம் போய், "ரொம்ப நன்றிண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்கு எதற்கு நன்றி என்று கடைசிவரை புரியவில்லை.

பேச்சைத் தொடங்குவதைவிட முடிப்பதுதான் அபிக்குக் கஷ்டமாக இருந்தது. பாதியில் போனை வைத்துவிடுவாள். வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவாள். அதற்கும் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். போகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். இருக்கிறவர் "சரி, பாத்து வாங்க" என்று சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த வீட்டில் அது சட்டம். தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு பிராக்டிகல் நாளில் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து நின்றார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். சொல்ல மறந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டாராம்; திரும்ப வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். "இதுக்காகவாண்ணே?" என்றேன். "சொல்லாம வந்தா அவளைப் பொறுத்தவரைக்கும் நான் வீட்டுல இருந்து போகவே இல்ல டீச்சர். கட்டிலுக்கு அடியில, மாடியில எல்லாம் தேடிக்கிட்டே இருப்பா."

கடைசியாக வேலைக்கு வந்த வெள்ளிக்கிழமையும் அவளைப் பற்றித்தான் பேசினார். திங்கட்கிழமைக்கான உப்புகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்ன, யாரு, எங்க, எப்ப எல்லாம் கேட்டுட்டா டீச்சர். 'ஏன்'னு மட்டும் இன்னும் ஒரு தடவகூடக் கேக்கல" என்றார். கேட்டால் மறுபடி ஜாங்கிரியா என்றேன். "ஜாங்கிரியா? ஸ்டாஃப் ரூமுக்கே பிரியாணி" என்றார்.

ஆனையூர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டி வந்துவிட்டது. விடியற்காலையில் ஆம்புலன்ஸ் வந்தபோது அபி தூக்கத்தில் இருந்திருக்கிறாள். அண்ணனுக்கும் அப்போது சுயநினைவு இல்லை. இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா தூங்குறாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண். மகேஸ்வரிக்கு அழவும் தெம்பில்லை. தூக்கும் நேரம் வந்ததும் ஒரு பெரியவர், "பிள்ளை பயந்துரும், யாராச்சும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்றார். கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். பக்கத்து வீட்டில் டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, பறைச் சத்தம் தெருவைத் தாண்டும்வரை அவளைப் பிடித்து உட்காரவைத்திருந்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இத்தனை வருடம் அவரோடு பழகிய எனக்கு, அவரே சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது கூடம் கழுவிவிடப்பட்டிருந்தது. பெட்டி இல்லை. அபி ஈரத் தரையைப் பார்த்தாள். பிறகு வாசலில் போய் நின்றுகொண்டாள். வந்தவர்கள் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்ற சொல்லை அங்கே வாய் திறந்து சொல்லவே கூடாது. எல்லோரும் தலையைக் குனிந்தபடி வெளியேறினார்கள். அவள் ஒவ்வொருவரையும் மறித்தாள். "போயிட்டு வாரேன் சொல்லல." ஒருவர் சுற்றிக்கொண்டு போனார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். "போயிட்டு வாரேன் சொல்லல. சொல்லணும்." அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தப் பேச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும். அங்கிருந்த அத்தனை பேரும் அதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது. "போயிட்டு வாரேன் அபி" என்று சொல்லிவிட்டேன்.

"சாவு வீட்டுல என்ன பேச்சு பேசுறீங்க? படிச்சவுகதான நீங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மா கத்தினார். அபி என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் போல என் தோளுக்கு மேலே பார்த்தாள். "சரி, பாத்து வாங்க, கெமிஸ்ட்ரி டீச்சர்" என்றாள்.

சொன்ன சொல்லுக்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு நாளா இப்பிடித்தான் டீச்சர்" என்றார் மகேஸ்வரி. "கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடி, மாடியில. அவரு சொல்லிட்டுப் போகலைல்ல." மாலை போட்ட படத்தைக் காட்டியிருக்கிறார்கள். சாமியிடம் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். சுடுகாட்டுக்கே கூட்டிப் போய்க் காட்டினால் என்ன என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில். "சொல்லல."

அவளை இறக்கிக் கூட்டிவந்து படிக்கட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே பேசினாள்.

"கெமிஸ்ட்ரி டீச்சர். அப்பா ஏன் போயிட்டு வாரேன் சொல்லல?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. மகேஸ்வரி எழுந்து வாசல்படிக்கு வந்து நின்றார். அவருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டுவிட்டாள். ஆறு வருடமாக அண்ணன் காத்திருந்த கேள்வி, அவர் போய் எட்டாவது நாளில் வந்துவிட்டது. ஓடிப்போய் யாரிடம் சொல்வது? உலகத்தில் அதைக் கேட்டுக் குதித்திருக்கக் கூடிய ஒரே மனிதரைப் பற்றித்தான் அந்தக் கேள்வியே.

செல்லப்பாண்டி அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். ஞாயிறுதோறும் போகிறேன், அவளும் ஞாயிறுதோறும் அதையே கேட்கிறாள். அவரை அறிந்த உங்களில் யாருக்காவது ஒரு பதில் தெரிந்தால் வந்து சொல்லுங்கள்.

அன்றைக்கு நான் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை அபி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் முகத்துக்கு நேரே இரண்டு கைகளையும் விரித்தாள். கட்டைவிரலிலிருந்து தொடங்கி, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக மடக்கினாள். பத்தும் மடங்கியது.

"பதில் வந்துக்கிட்டு இருக்கு" என்று எனக்காக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கைகளை விரித்து, மறுபடி கட்டைவிரலிலிருந்து மடக்கத் தொடங்கினாள்.