"எந்த ரூம் சார் என்னுது?"

1. ஃபோன்

செங்கல்பட்டு கிளையில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் அந்த ஃபோன் வந்தது.

"சார், வூட்டு லோன் ஆபீஸ்ல செக் பண்றவரு நீங்கதான? இன்னா சார் எழுதி வெச்சீங்க? என் தங்கச்சி ஸ்டெல்லா பாத்திரம், துணிமணி, புள்ளைங்க எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திகினு வந்து என் வூட்ல குந்திகினு கீது. கேட்டா, சாரே எழுதிக் குடுத்துட்டாரு, இது என் வூடும்தான்னுது. வந்து இன்னான்னு கேளுங்க."

நான் யாருக்கும் எந்த வீட்டையும் எழுதிக் கொடுத்ததில்லை. ஸ்டெல்லா என்ற பெயர் மட்டும் உறைத்தது. முந்தின நாள் நான் நிராகரித்த ஃபைல்.

2. ஃபைல்

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு முன்பணத்தில் ஒரு பங்கை அரசு கொடுக்கும். கேட்பவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முக்கியமான விதி ஒன்றுதான்: அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது.

பொய்க்குப் பஞ்சமே இல்லை. "குடிசைல இருக்கோம்" என்றவர் வீட்டு மாடியில் ஏசி ஓடும். "மாமியார் வீடு" என்பார் ஒருவர். வாசல் கல்லில் அவர் பெயரே பொறித்திருக்கும். பத்து வருடம் இதையே பார்த்து, யார் வாயைத் திறந்தாலும் எரிச்சல் வருகிற நிலைக்கு வந்திருந்தேன்.

ஸ்டெல்லாவுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் லாண்டரி வேலை. கணவர் சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர். திருப்போரூர் பக்கம் ஒரு படுக்கையறை ஃபிளாட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ரேஷன் கார்டைப் பார்த்தேன். அவர் பெயர் இன்னும் அண்ணன் கார்டில் இருந்தது. அண்ணனுக்குக் கான்கிரீட் வீடு. 'குடும்பத்துக்குச் சொந்த வீடு உள்ளது, தகுதி இல்லை' என்று எழுதி மூடினேன்.

ஸ்டெல்லா கவுன்ட்டரில் நின்று கேட்டார்: "எனக்கு வூடு இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?"

"ரெக்கார்டு அப்படித்தான்மா சொல்லுது" என்றேன். தினம் சொல்கிற பதில்தான்.

3. வீடு

திருவிடந்தையைத் தாண்டி உள்ளே போகிற சாலையில் அண்ணன் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். ஹால் நடுவில் ஸ்டெல்லாவின் மூட்டைகள். அண்ணி சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

ஸ்டெல்லா அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதான சார் எழுதினீங்க, எனக்கு வூடு கீதுன்னு? எந்த ரூம் சார் என்னுது? கை காட்டுங்க, பாய் போட்டுக்கறேன்."

என்னால் எங்கேயும் கை காட்ட முடியவில்லை. அண்ணனின் கடைசிப் பெண் ஏற்கெனவே அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான பெண், கணவன், பிள்ளைகளோடு தனிக் குடும்பம். இந்த விதி எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

"கார்டுலேர்ந்து பேர ஏம்மா எடுக்கல?"

"புதுக் கார்டுக்கு, நாங்க வாடகைக்கு கீற வூட்டு ஓனரோட லெட்டர் கேக்கறாங்க. அவரு தர மாட்டேன்றாரு. நானும் நாலு வருசமா கேட்டுகினு கீறேன்."

4. கையெழுத்து

மேனேஜர் கையை விரித்தார். "போட்ட ரிப்போர்ட்டை மாத்தினா ஆடிட்ல என் தலைதான் சார் உருளும். தனியா குடியிருக்காங்கன்னு வாடகை அக்ரிமென்ட் கொண்டாங்க, பார்க்கலாம்."

ஸ்டெல்லா மூட்டைகளோடு திரும்பிப் போன வாடகை வீட்டின் சொந்தக்காரர் மாமல்லபுரத்தில் சிற்பக் கூடம் வைத்திருந்தார். மூன்று முறை போனேன். முதல் முறை ஆள் இல்லை. இரண்டாம் முறை கிரைண்டர் சத்தத்தில் காது கேட்காதது போல இருந்துவிட்டார். மூன்றாம் முறை மெஷினை நான் நிறுத்தச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு வூட்டப் புடிச்சிகினு காலி பண்ண மாட்டேன்னா நான் இன்னா பண்றது?"

"ஐயா, அந்தம்மா உங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறதுக்குத்தான் இந்தக் காகிதமே வேணும்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கையைத் துடைக்காமலே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காகிதமெல்லாம் கல் தூசி.

புது ரிப்போர்ட் எழுதினேன். மேனேஜர் முனகிக்கொண்டே அனுப்பினார். தகுதி கிடைத்துவிட்டது. ஆனால் அவர் கேட்டிருந்த ஃபிளாட் இருக்கும் பிளாக்குக்கான பயனாளிகள் பட்டியல் நான்கு நாள் முன்னால் மூடிவிட்டது. அடுத்த பிளாக்குக்குத்தான் பெயர் சேர்க்க முடியும்.

ஸ்டெல்லாவிடம் நானே சொன்னேன்.

"தப்பு நீங்க பண்ணிட்டு, என்னைக் காத்திருன்றீங்க."

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான்."

ஒன்றரை வருடம் கழித்து மூன்றாவது மாடியில் ஃபிளாட் கிடைத்தது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லையாம். அண்ணன்தான் பீரோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனாராம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொய்யர்களைப் பிடித்துப் பிடித்து நமக்குக் கெட்டிக்காரத்தனம் வரும். கூடவே, எதிரே நிற்பவரைக் கேட்காமலே முடிவெடுக்கிற பழக்கமும் வரும். 'தகுதி இல்லை' என்று எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காக ஒரு குடும்பம் ஒன்றரை வருடம் கூடுதலாக வாடகை வீட்டில் இருந்தது. எழுதுவதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.