அண்ணன் வரவழைத்த வேன்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவதுபோல் எழுத எனக்கு வராது. எழுதினால் அண்ணனே சிரிப்பார்.

அண்ணன் காடாம்புலியூர்ப் பக்கம், அம்மா பிறந்த ஊரில், முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தில் பிறந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை. அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை வாரிக் கொட்டும் வேலை. என்னைப் படிக்கவைத்து நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தது அந்தச் சம்பளம்தான். "அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆயிடும்" என்று வருஷா வருஷம் சொல்வார். நாங்களும் வருஷா வருஷம் நம்பினோம்.

நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது, மைன்ஸ் ஆபீசர்கள் இருக்கும் டவுன்ஷிப்பில் ஷூ போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். மகளுக்கு மூன்று வயது முடிந்ததும் பாப்பாவையும் அப்படி டவுன்ஷிப் பக்கம் வேனில் அனுப்பும் ஆசை முற்றிவிட்டது.

எங்கள் ஊரிலேயே பால்வாடி இருந்தது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். முட்டை, சத்துமாவு, பகல் தூக்கம் எல்லாம் உண்டு. பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு ஊர் போய்க்கொண்டிருந்தன.

ஒருநாள் பால்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பாப்பாவ சேத்துடுங்க. நீங்க சேத்தா மத்தவங்களும் சேப்பாங்க. இல்லன்னா இத பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க."

"அங்க வந்தா சோறு துன்னுட்டுத் தூங்கிக்கினு இருக்கும் டீச்சர். நான் வார்ற கரிய எம்பொண்ணும் வாரணுமா?"

டீச்சர் அண்ணியைப் பார்த்தார். அண்ணிதான் கேட்டார். "நாளைக்கே உங்களுக்கு ஒன்னுன்னா வேனுக்கும் ஸ்கூலுக்கும் யாருங்க கட்டுறது?"

"எனக்கு இன்னாடி ஆயிடப்போவுது?" என்று அண்ணன் சிரித்தார்.

டவுன்ஷிப் பக்கத்து நர்சரியில் இடம் கிடைத்தது. ஆனால் ஒரு பிள்ளைக்காக ஊருக்குள் வரமுடியாது என்றுவிட்டார் வேன்காரர். அண்ணன் விடுவாரா? கூட வேலை செய்தவர்களைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தார். லீவு நாளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். சாவு வீட்டுக்குப் பந்தல் போடவும், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கவும் முதலில் வந்து நிற்கிறவர் பேச்சை யார் தட்டுவார்கள்? பால்வாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் மாறினார்கள். ஜூன் மாதம் வேன் வந்தது. பாப்பாவை முதலாவதாக ஏற்றிவிட்டு, ஊரே பார்க்க மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாளில் பால்வாடியைப் பூட்டிவிட்டார்கள். டீச்சர் சொன்னபடியே பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். நடுவில் கரி லாரி ஓயாமல் ஓடும் ரோடு, அதைத் தாண்டிச் சின்னப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?

ஐப்பசி மழையில் ஒரு காலை, வேன் போன பிறகு அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா வேன் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சிங்க" என்றார் அண்ணி. அவரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த வருஷப் படிப்பு முடியும்வரை கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஸ்கூலுக்கும் வேனுக்கும் கட்டினார்கள். அவர்களும் காண்ட்ராக்ட் ஆட்கள்தானே, எத்தனை நாள் கட்டுவார்கள்? என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் கரும்பு ஓடும் காலத்தில் மட்டும்தான் வேலை. பாப்பாவின் ஸ்கூல் நின்றுவிட்டது. அண்ணி இப்போது முந்திரி உடைக்கப் போகிறார். பாப்பாவும் கூடவே போய், ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு அதன் விரல் தோலும் உரிகிறது. அண்ணன் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆசைதான் பட்டார். ஆனாலும் பூட்டிய பால்வாடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

அண்ணனைச் சுமந்து சென்ற தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை உலை வைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், கருமாதியன்று பாப்பாவுக்குச் சத்துமாவு கொண்டுவந்து தந்து, ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் போன டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வேன்காரருக்கும் சொல்லவேண்டும். ஹாரன் கேட்டால் பாப்பா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டைத் தாண்டும்வரை அவர் ஹாரன் அடிப்பதில்லை.